பென்ற்லிக்குத் துருத்தி பூட்டிய கதை



வட லண்டனில் இருப்பவர்களுக்குக் கிறிக்கிள்வூட் புதிய இடமல்ல. எட்ஜ்வெயார் றோட் வழியே பஸ்ஸில் போகும்போது ஒக்ஸ்கேற் லேன் என்ற தெருவைப் பலதடவை கடந்திருப்பீர்கள். 1920களில் அந்தத் தெருவில்தான் பென்ற்லி மோட்டோர்ஸ் கம்பனியின் தொழிற்சாலை இருந்தது. இந்த மாத உரை அங்கே எழுந்த ஒரு தகராறைப் பற்றியது. காரின் மூக்கில் பூட்டிய ஓர் உலோகப் பெட்டிதான் தகராறுக்குக் காரணம். அதன் பெயர் சுப்பர்சார்ஜர்.

கணக்குப் பார்க்கிறவனுக்குக் காரில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மோட்டார் பந்தயக்காரர்கள் இந்தக் கதையைப் பந்தயக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இது ஒரு கணக்குப் புத்தகக் கதை. யார் ஆசைப்பட்டார், யார் தீர்மானித்தார், யார் காசு கொடுத்தார், கடைசியில் பில் யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால் நாலு இடத்திலும் நாலு வேறு ஆட்கள். வியாபாரத்தில் இதைவிட ஆபத்தான அமைப்பு கிடையாது.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடையின்போது ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு காபுரேற்றர் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. எஞ்சினுக்குள் எண்ணெயை எவ்வளவும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று வேண்டுமே! காற்றுத்தான் உண்மையான எல்லை. 4½ லீற்றர் பென்ற்லி எஞ்சினில் நாலு சிலிண்டர்கள், கொள்ளளவு 4,398 கன சென்ரிமீற்றர். இரண்டு சுற்றுக்கு ஒருதடவை அது அவ்வளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 3,500 சுற்று என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 7,700 லீற்றர் வருகிறது. அதற்குமேல் வலு வேண்டுமென்றால் எஞ்சினைப் பெரிதாக்கலாம், அல்லது இன்னும் வேகமாகச் சுற்றவைக்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் காற்றை வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளவேண்டும்.

தள்ளுகிற யந்திரத்தைக் காருக்கென்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து றூற்ஸ் சகோதரர்கள் 1860இல் ஒரு காற்றூதிக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஒரு பெட்டிக்குள் எட்டு இலக்கம் போன்ற வடிவில் இரண்டு உருளிகள், ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுற்றும். ஒரு பக்கத்தால் வாங்கிய காற்றை மறுபக்கத்தால் தள்ளும். இரும்புருக்கும் உலைகளுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். எங்கள் கொல்லர் பட்டறைத் துருத்தி செய்த வேலைதான் அது. கார்க்காரர்கள் பிறகுதான் அதை எடுத்து எஞ்சினோடு இணைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்தக் காரை ‘புளோவர்’ பென்ற்லி என்று சொல்வதும் இதனால்தான்.

இனி ஆட்களுக்கு வருவோம்.

கம்பனியைத் தொடங்கியவர் வோல்ற்றர் ஓவன் பென்ற்லி. எல்லோரும் அவரை ‘டபிள்யூ.ஓ.’ என்றே அழைத்தார்கள். ரயில் எஞ்சின் பட்டறையில் தொழில் பழகியவர். 1919இல் கம்பனியைத் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு நல்ல கார் செய்யத் தெரிந்தது, ஆனால் காசு ஒருநாளும் போதவில்லை. 1926இல் வூல்ஃப் பார்னாற்றோ என்ற செல்வந்தர் பணம் போட்டுக் கம்பனியைக் காப்பாற்றினார். தென்னாபிரிக்க வைரச் சுரங்கத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த பார்னி பார்னாற்றோவின் மகன் அவர். பணம் போட்டவர் தலைவரானார். டபிள்யூ.ஓ. தன் பெயரிலேயே இருந்த கம்பனியில் சம்பளத்துக்கு வேலை செய்பவரானார். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த பலவற்றுக்கு விளக்கம் இதற்குள்தான் இருக்கிறது.

அடுத்தவர் ஹென்றி பேர்க்கின், நண்பர்களுக்கு ‘ரிம்’. நொற்றிங்ஹாமில் லேஸ் துணி வியாபாரத்தால் பணம் சேர்த்த குடும்பம். பேசும்போது கொஞ்சம் திக்குவார். ஸ்ரியறிங்கைப் பிடித்தால் திக்கல் கிடையாது. கழுத்தில் நீலப் புள்ளி போட்ட பட்டுச் சால்வையோடு இருக்கும் அவருடைய படத்தைப் பழைய கார்ப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். ஜேர்மன் மெர்சிடிஸ் கார்களுக்கு சுப்பர்சார்ஜர் இருந்தது, இத்தாலிய அல்ஃபா றோமியோவுக்கும் பிரெஞ்சு புகாற்றிக்கும் இருந்தது. பென்ற்லிக்கும் பூட்டினால்தான் இனி வெல்லலாம் என்று பேர்க்கின் நம்பினார்.

டபிள்யூ.ஓ. ஒரேயடியாக மறுத்தார். வலு வேண்டுமா, எஞ்சினைப் பெரிதாக்கு என்பதுதான் அவருடைய வழி. மூன்று லீற்றரில் தொடங்கியவர் நாலரைக்கும் ஆறரைக்கும் போனது அப்படித்தான். அளவாக மூச்சு விடுகிற எஞ்சின் 24 மணி நேரம் ஓடும், மூக்குக்குள் காற்றை அடித்து ஏற்றினால் எங்காவது உடையும் என்பது அவர் கட்சி. பிடிவாதமான கிழவரின் பேச்சென்று இதைத் தள்ளிவிட முடியாது. பிரான்சில் நடக்கும் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் 1928இல் வென்றது சுப்பர்சார்ஜர் இல்லாத 4½ லீற்றர் கார். 1929இல் முதலிடம் ஆறரை லீற்றர் ‘ஸ்பீட் சிக்ஸ்’ காருக்கு. இரண்டாம், மூன்றாம், நாலாம் இடங்களில் வந்தவை மூன்றும் சாதாரண 4½ லீற்றர் கார்கள்! அந்த முதலிடக் காரை ஓட்டிய இருவர் யாரென்று நினைக்கிறீர்கள்? பார்னாற்றோவும், இதே பேர்க்கினும்தான். வென்றுகொண்டிருக்கும்போதே ஆயுதத்தை மாற்றவேண்டும் என்றார் பேர்க்கின்.

தொழிற்சாலை செய்துதராது என்றதும் பேர்க்கின் வெளியே போனார். லண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிற்றியில் சொந்தமாகப் பட்டறை போட்டார். துருத்தியை வடிவமைக்க அம்ஹேர்ஸ்ற் வில்லியர்ஸ் என்ற பொறியியலாளரைப் பிடித்தார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. மல்கம் காம்பெல்லின் வேகச் சாதனைக் காரில் வேலை செய்த அனுபவம் இருந்தது.

கம்பனி செய்து விற்ற காருக்கு வெளியார் ஒருவர் மேலதிகப் பாகம் செய்து பூட்டுவதைத்தான் இன்று ‘ஆஃப்ரர் மார்க்கெற்’ என்கிறார்கள். பேர்க்கின் பட்டறையில் நடந்தது அதுவேதான். எந்தப் பட்டறையிலும் இந்த வேலை எப்படி வளரும் என்பதற்கு அந்தக் கார் நல்ல உதாரணம். துருத்தியை எங்கே வைப்பது? எஞ்சின் பக்கத்தில் இடமில்லை. அதனால் ரேடியேற்றருக்கும் முன்னால், இரண்டு முன்சில்லுகளுக்கு நடுவே வைத்து, கிராங்ஷாப்ற்றின் முனையிலிருந்து நேரே சுற்றவைத்தார்கள். இரண்டு காபுரேற்றர்களையும் துருத்தியிலேயே பொருத்தினார்கள். இப்போது காற்று கூடிவிட்டது, எரிவது கூடிவிட்டது, அடியும் கூடிவிட்டது. பழைய கிராங்ஷாப்ற் அந்த அடியைத் தாங்காது, ஆகவே இன்னும் உறுதியான ஒன்று. அதோடு இணையும் கொனெக்ரிங் றொட்டும் மாறவேண்டும், பிஸ்ரனும் மாறவேண்டும், எண்ணெய் ஓடும் வழியும் மாறவேண்டும். முன்பக்கத்தில் பாரம் ஏறியதால் வளைவில் திருப்பினால் கார் நேரே போகப் பார்த்தது. பெற்றோல் குடிப்பதைக் கேட்கவே வேண்டாம்.

பெட்டி ஒன்றுதான் வாங்கப் போனார்கள். அது உள்ளே வந்து வீடு முழுவதையும் திருத்தச் சொன்னது.

பலன் இல்லாமலும் இல்லை. வீதியில் ஓடும் சாதாரண 4½ லீற்றர் கார் 110 குதிரைவலு தந்தது. துருத்தி பூட்டியதும் 175. பந்தயத்துக்கு முறுக்கிய கார் 130இலிருந்து 240க்குப் போனது. காகிதத்தில் இதைவிட நல்ல முதலீடு இல்லை.

பட்டறையும் வில்லியர்ஸும் பேர்க்கினின் சொந்தக் காசைத் தின்று தீர்த்தபோதுதான் டொறதி பஜெற் வந்தார். வயது 24. தந்தை ஆங்கிலேயப் பிரபு, தாய்வழியில் அமெரிக்க விற்னி குடும்பத்துப் பெருஞ்சொத்து. குதிரைப் பந்தயம் பார்ப்பவர்கள் அவருடைய ‘கோல்டன் மில்லர்’ என்ற குதிரையைக் கேள்விப்பட்டிருக்கலாம். 1932 முதல் 1936 வரை ஐந்து தடவை செல்ரன்ஹாம் கோல்ட் கப் வென்ற குதிரை அது. அந்த அம்மையார் பேர்க்கினுடைய கார்களுக்கு முழுச் செலவும் தான் தருவதாக ஒப்புக்கொண்டார்.

ஆனால் இன்னொரு தடை இருந்தது. லு மானில் ஓடவேண்டுமானால் அது விற்பனைக்கு உள்ள கார் வகையாக இருக்கவேண்டும், 50 கார்கள் செய்யவேண்டும். பேர்க்கினின் பட்டறையால் அது முடியாது. கம்பனிதான் செய்யவேண்டும். பேர்க்கின் நேரே பார்னாற்றோவிடம் போனார். பார்னாற்றோ ஓம் என்றார். டபிள்யூ.ஓ.வின் சொல் எடுபடவில்லை.

இந்த இடத்தில் கணக்காளன் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. ஐந்து பந்தயக் கார்களுக்காக ஐம்பது கார்கள். அந்த ஐந்துக்கும் செலவு பஜெற் அம்மையாருடையது. ஐம்பதுக்கும் முதல் போடுவது, எப்போதும் காசுக்குத் தட்டுப்படுகிற ஒரு கம்பனி. சாதாரண 4½ லீற்றர் காரின் சேசிஸ் 1,050 பவுண், துருத்தி பூட்டியது 1,475 பவுண். மேல்கூடு கட்டுவது வாங்குபவரின் தனிச் செலவு. லண்டன் புறநகரில் புதிய வீடே ஆயிரம் பவுணுக்குள் வாங்கலாம் என்றிருந்த காலம் அது. அந்தக் காரை 1929 ஒக்ரோபரில் ஒலிம்பியா கண்காட்சியில் காட்டினார்கள். அதே ஒக்ரோபரில்தான் நியூயோர்க் பங்குச் சந்தை விழுந்தது.

பந்தயங்களில் என்ன நடந்தது? 1929 யூனில் புறூக்லண்ட்ஸில் நடந்த ஆறு மணிநேரப் பந்தயம்தான் புளோவரின் முதல் ஓட்டம். முடிக்கவில்லை. அதற்குப் பிறகும் வேகம் இருந்தது, முடிவு இருக்கவில்லை.

எல்லோரும் சொல்லும் நாள் 1930 யூன், லு மான். மெர்சிடிஸ் ஒரேயொரு கார், ஏழு லீற்றர், ஓட்டியவர் ருடோல்ஃப் கரச்சியோலா. மெர்சிடிஸின் துருத்தி எப்போதும் வேலை செய்யாது. அக்ஸிலறேற்றரை அடிவரை மிதித்தால்தான் இணையும், அப்போது பெரிதாக ஓலமிடும். பென்ற்லியின் துருத்தியோ எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் சுற்றிக்கொண்டேயிருக்கும். பேர்க்கின் நேர்ப்பாதையில் இரண்டு சில்லுகளைப் புல்லில் ஏற்றி மெர்சிடிஸை முந்தினார். பின் ரயரின் மேல்தோல் கிழிந்து பறந்தது, மனிதர் நிற்கவில்லை. அந்தப் பந்தயத்தின் மிக விரைவான சுற்றும் அவருடையதே. மெர்சிடிஸ் இரவில் பற்றரி கோளாறால் விலகியது. பேர்க்கினின் இரண்டு கார்களும் அடுத்த நாள் எஞ்சின் பழுதாகி நின்றன. வென்றது யார்? பார்னாற்றோவும் கிளென் கிட்ஸ்ரனும் ஓட்டிய ஸ்பீட் சிக்ஸ். இரண்டாவதும் ஸ்பீட் சிக்ஸ். டபிள்யூ.ஓ.வின் பெரிய எஞ்சின்கள், துருத்தி இல்லாதவை!

மெர்சிடிஸைக் களைக்கப்பண்ணவே பேர்க்கினை முன்னால் விட்டார்கள் என்று பின்னாளில் ஒரு விளக்கம் வந்தது. எனக்கு அது ஆண்டு முடிந்தபின் கணக்குக்கு எழுதிய விளக்கக் குறிப்புப் போலத்தான் படுகிறது. பஜெற் அம்மையாரின் அணியும் கம்பனியின் அணியும் இரண்டு வேறு பணப்பைகள். கம்பனி வெல்வதற்காகத் தன் காரை உடைக்க அந்த அம்மையார் ஏன் காசு தரவேண்டும்?

ஒரு நல்ல நாளும் வந்தது. 1930 செப்ரெம்பரில் பிரான்சின் போ நகரில் நடந்த பிரெஞ்சு கிறான் பிறீயில், சிறிய இலேசான புகாற்றிகளுக்கு நடுவே இந்தப் பெரிய வண்டியை ஓட்டி பேர்க்கின் இரண்டாவதாக வந்தார். முதலாவது பிலிப் எற்றான்செலின், புகாற்றியில். புளோவரின் பந்தய வாழ்வில் ஆகச் சிறந்த முடிவு அதுதான். பெரிய பந்தயம் ஒன்றில் முதலிடம் அதற்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. அடுத்த மாதமே பஜெற் அம்மையார் பணத்தை நிறுத்திக்கொண்டார். புறூக்லண்ட்ஸில் ஓடிய ஒற்றை ஆசனக் காருக்கு மட்டும் தொடர்ந்து கொடுத்தார்.

1931 யூலையில் ஈட்டுக் கடன் தவணையைக் கட்ட முடியாமல் பென்ற்லி கம்பனி ரிசீவரிடம் போனது. இதற்கு அந்த ஐம்பது கார்களே காரணம் என்று சொல்வது நியாயமல்ல. உலகமே மந்தத்தில் விழுந்திருந்தது. 1930இல், வாங்க ஆளில்லாத நேரத்தில், டபிள்யூ.ஓ.வே எட்டு லீற்றர் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். அவை மொத்தம் நூறுதான் செய்யப்பட்டன. பார்னாற்றோவும் இனிப் பணம் போடமாட்டேன் என்றார். ஆனால் டபிள்யூ.ஓ. பின்னாளில் எழுதியபோது, புளோவர் தன் கார்களின் நல்ல பெயரைக் கெடுத்தது என்ற மனக்குறையை மறைக்கவில்லை. எட்டு லீற்றரைப் பற்றி அவருக்கு அந்தளவு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தன் கையெழுத்தில் விழுந்த நட்டம் மனிதருக்கு எப்போதும் சின்னதாகத்தான் தெரியும்.

நேப்பியர் கம்பனிதான் பென்ற்லியை வாங்கப்போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். 1931 நவம்பரில் முத்திரையிட்ட விலைகளைத் திறந்தபோது யாரும் கேள்விப்படாத ஒரு முதலீட்டு நிறுவனம் கூடிய விலை கேட்டிருந்தது. ஏறக்குறைய 1,25,000 பவுண். நிறுவனத்தின் பின்னால் இருந்தது ரோல்ஸ் ரொய்ஸ் என்பது பிறகுதான் வெளியே வந்தது. கொமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு பாடம் நினைவிருக்கும். நாமே உழைத்துச் சேர்த்த நன்மதிப்பை ஐந்தொகையில் காட்ட முடியாது, வேறொருவர் காசு கொடுத்து வாங்கினால் அவர் தன் ஐந்தொகையில் காட்டலாம். டபிள்யூ.ஓ. பத்து வருடம் சேர்த்த பெயர் ரோல்ஸ் ரொய்ஸின் ஐந்தொகைக்குப் போனது. ஒப்பந்தத்தோடு அவரும் போனார். 1935இல்தான் விடுபட்டு லகொண்டா கம்பனிக்கு மாறினார்.

அப்படியானால் சுப்பர்சார்ஜரே தவறான யோசனையா? அதே 1931 யூனில் லு மானில் வென்ற காரைப் பாருங்கள். 2.3 லீற்றர் அல்ஃபா றோமியோ, சுப்பர்சார்ஜர் பூட்டியது. 24 மணி நேரத்தில் முதன்முதலாக 3,000 கிலோமீற்றரைத் தாண்டியது. ஓட்டியவர்கள் ஏர்ல் ஹவ், கூடவே யார் தெரியுமா? பேர்க்கின்! துருத்தியைப் பற்றி அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அல்ஃபாவின் விற்றோரியோ யானோ அந்த எஞ்சினை முதல் கோட்டிலிருந்தே துருத்தியோடு சேர்த்து வரைந்தவர். கிராங்ஷாப்ற்றும் பெயரிங்கும் வரப்போகும் பாரத்தைத் தெரிந்துகொண்டு பிறந்தவை. பென்ற்லியில் பாரம் பிறகு வந்தது.

இந்த வேறுபாடு இன்றைய பிள்ளைகளுக்கும் பொருந்தும். எங்கள் வானொலியில் ஒலிப்பதிவுக்கு உதவும் ஒரு தம்பி பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வைத்திருக்கிறார். சுப்பர்சார்ஜர் கிட் ஒன்றுக்கு விலை கேட்டு, அந்த மதிப்பீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். “அங்கிள், பெட்டியின் விலையைவிட மற்றதெல்லாம்தான் கூட வருகுது,” என்றார். வராமல் என்ன செய்யும்! 1950களில் அமெரிக்காவில் ஜட்சன் நிறுவனம் எம்ஜி கார்களுக்கும் வொக்ஸ்வாகனுக்கும் கிட் செய்து விற்ற காலத்திலிருந்து கதை இதுதான். 1990களில் எம்எக்ஸ்-5க்கு வந்த பெயர்பெற்ற கிட் ஒன்றில் இருந்தது ஈற்றன் செய்த துருத்தி, அதே 1860ஆம் ஆண்டு றூற்ஸ் வகை. கிட் செய்கிறவர்களுக்குத் துருத்தி கடையில் கிடைக்கும் சாமான். மாதக்கணக்காகப் போகிற வேலை அதைப் பிடிக்கும் தாங்கி, பெல்ற் நேராக ஓடும் வழி, கூடிய காற்றுக்கு ஏற்ற பெற்றோலும் தீப்பொறி நேரமும், சூடு போகும் பாதை, இவைதான். எஞ்சின் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கண்டு, அதற்குக் கீழேயே நிறுத்துவதுதான் நல்ல கிட்.

தம்பியிடம் நான் கேட்டது ஒன்றுதான்: “கிளச்சும் பிறேக்கும் இந்தக் கணக்கில் எங்கே?” அவை அதில் இருக்கவில்லை. இன்சூரன்ஸும் இருக்கவில்லை. இந்த நாட்டில் காரில் செய்த மாற்றத்தைக் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லாவிட்டால், விபத்து நேரும்போது அவர்கள் காசு தர மறுக்கலாம். எங்கள் வீடுகளில் பல கார்கள் தகப்பன் பெயரில் இருக்கும், மகன் ஓட்டுவார். பெற்றோர் இதை ஒருதடவை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பேர்க்கின் அந்த ஒற்றை ஆசனக் காரில் 1932 மார்ச்சில் புறூக்லண்ட்ஸ் வெளிச்சுற்றை மணிக்கு 137.96 மைல் வேகத்தில் ஓடிச் சாதனை செய்தார். இரண்டு வருடம் அதை யாரும் முறியடிக்கவில்லை. 1933 மே மாதம் திரிப்போலிப் பந்தயத்தில் மசராற்றி காரின் சூடான புகைக்குழாயில் அவர் கை பட்டுவிட்டது. காயத்தைப் பெரிதாக எடுக்கவில்லை. இரத்தம் நஞ்சேறி, யூன் 22ஆம் திகதி லண்டனில் இறந்துபோனார். முதலாம் உலகப் போரில் பலஸ்தீனத்தில் பிடித்த மலேரியாவும் அவரைப் பலவீனமாக்கியிருந்தது. வயது 36. குடும்பச் சொத்தில் அவர் பங்குக்குக் கிடைத்ததெல்லாம் பட்டறைக்கும் கார்களுக்கும் போய்விட்டது.

வில்லியர்ஸ் நீண்டகாலம் வாழ்ந்து 1991இல் காலமானார். பிற்காலத்தில் உருவப்படம் வரைபவராகவும் இருந்தார். அவருடைய நண்பர் இயன் ஃபிளெமிங் 1952இல் ‘கசினோ றோயல்’ நாவலை எழுதியபோது, ஜேம்ஸ் பொண்டுக்குக் கொடுத்த கார் வில்லியர்ஸின் துருத்தி பூட்டிய 4½ லீற்றர் பென்ற்லி. படங்களில் வரும் அஸ்ரன் மார்ற்றின் எல்லாம் பிறகு வந்தது.

பேர்க்கினின் ஒற்றை ஆசனக் கார் 2012இல் குட்வூட் ஏலத்தில் ஐம்பது இலட்சம் பவுணுக்கு மேல் போனது. கம்பனி முழுவதும் 1931இல் விற்ற விலையைப்போல நாற்பது மடங்கு (அந்தக் காலப் பவுண் வேறு, இந்தக் காலப் பவுண் வேறு என்பதையும் சொல்லவேண்டும்). 2020இல் பென்ற்லி கம்பனியே, பேர்க்கினின் பழைய அணிக் கார் ஒன்றைக் கழற்றி, லேசரால் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, அதேபோன்ற புதிய புளோவர்களைச் செய்யத் தொடங்கியது. பரீட்சைக்கு ஒன்று, விற்பனைக்குப் பன்னிரண்டு. செய்து முடிக்கும் முன்னரே பன்னிரண்டும் விற்றுத் தீர்ந்துவிட்டன.